நெட்டை ஆள், ஒல்லி மணிக்கட்டு: மூன்று கடிகாரங்களோடு ஒன்பது ஆண்டுகள்

என் உயரம் ஆறு அடி. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்கள் உயரத்துக்குப் பெரிய டயல்தான் சார் எடுப்பாக இருக்கும்" என்றார். நம்பி 44 மி.மீ. விட்டமுள்ள கடிகாரத்தை வாங்கினேன். என் மணிக்கட்டின் சுற்றளவு 16 செ.மீ.தான் என்பதை அவரும் பார்க்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. குருவி தலையில் பனங்காய்.

அதை நான்கு ஆண்டுகள் கட்டியிருந்தேன். பட்டை மாட்டும் கொம்புகளை லக் என்பார்கள். மேல் லக்கின் நுனியிலிருந்து கீழ் லக்கின் நுனிவரை அந்தக் கடிகாரம் 53 மி.மீ. கையை மேசைமேல் வைத்து ஸ்கேலால் அளந்தபோது என் மணிக்கட்டின் அகலம் 51 மி.மீ. இரண்டு பக்கமும் லக் வெளியே நீட்டிக்கொண்டு, பட்டை தோலைத் தொடாமல் செங்குத்தாக இறங்கியது. அந்த இடைவெளியில் சுண்டுவிரல் நகம் நுழையும். பட்டையை இறுக்கினால் தடம் பதியும்; தளர்த்தினால் தலைப்பாரத்தில் கடிகாரம் புறங்கையிலிருந்து நழுவி உள்ளங்கைப் பக்கம் போய்விடும். தரையில் கையூன்றி எழும் ஒவ்வொரு முறையும் நேரம் திருத்தும் பக்கவாட்டுத் திருகு புறங்கையில் குத்தி, சிவப்பாக ஒரு வட்டம் போட்டுவிடும். கனம் 15 மி.மீ. என்பதால் இடது கைச் சட்டைப் பொத்தானை மாட்டியதே இல்லை.

சூடுபட்டவன் எதிர்ப்பக்கம் ஓடுவான் அல்லவா, அடுத்து 34 மி.மீ.க்குப் போனேன். உறுத்தலே இல்லை. ஆனால் நீளமான முன்கையின் கோடியில் அது இரவல் வாங்கிக் கட்டியது போலிருந்தது. தேதியைப் படிக்கக் கண்ணாடியும் தேவைப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் அலமாரிக்குள் போனது.

மூன்றாவது, சீகோ நிறுவனத்தின் எஸ்கேஎக்ஸ்007. கேஸ், அதாவது கடிகாரத்தின் உலோக உடல், 42.5 மி.மீ. என்று படித்ததும் வேண்டாம் என்றே நினைத்தேன். கட்டிப் பார்த்தால் கச்சிதம். லக் நுனிக்கு நுனி 46 மி.மீ. மட்டுமே, லக்கும் கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. திருகு நான்கு மணிப் பக்கம் ஒதுங்கியிருப்பதால் புறங்கைக்கு விடுதலை. டயலைச் சுற்றியுள்ள அகலமான கறுப்பு வளையம் இன்னொரு உதவி: நம் கண், வளையத்துக்கு உள்ளே இருக்கும் டயலைத்தான் அளக்கிறது. வளையமே இல்லாத வெள்ளை டயல் அதே அளவில் இன்னும் பெரிதாகத் தெரியும். குறை என்றால் கனம், 13 மி.மீ.க்கு மேல் இருக்கிறது, சட்டைக் கையில் இன்னமும் சிக்குகிறது. மூன்று ஆண்டுகளாகத் தினமும் இதுதான்.

நாகரிகத்தை நம்பி அளவு பார்க்கவும் வழியில்லை. ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் பல பத்தாண்டுகள் 36 மி.மீ.யாக இருந்து, 2010இல் 39 ஆகி, 2021இல் மறுபடி 36க்கே திரும்பியது. அந்த 11 ஆண்டுகளில் யாருடைய மணிக்கட்டும் பருத்து இளைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானிகள் 55 மி.மீ. கட்டினார்கள் என்று சொல்பவர்கள், அதை அவர்கள் தடித்த மேலங்கிக் கைக்கு மேல் கட்டியதைச் சொல்வதில்லை.

கைபேசியை மணிக்கட்டருகே பிடித்துப் படமெடுத்து முடிவு செய்யாதீர்கள். அருகிலுள்ள பொருள் படத்தில் ஊதித் தெரியும். நான்கடி தள்ளி நிலைக்கண்ணாடி முன் கையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பிறர் காண்பது அதைத்தான்.

அந்த 44 மி.மீ. இப்போது மைத்துனரிடம் இருக்கிறது. என் தோளுயரம்தான் இருப்பார். மணிக்கட்டு மட்டும் தட்டையாக, பலகை போல அகலம். முதல்முறை கட்டியபோதே லக் இரண்டும் உள்ளே அடங்கி, அவருக்கென்றே வார்த்தது போல உட்கார்ந்தது. ஒரு வாரம் கட்டிப் பார்க்கத்தான் கொடுத்தேன். மூன்று ஆண்டுகளாகத் திருப்பித் தரவில்லை; நானும் கேட்கவில்லை.