ஒரு நட்சத்திரம், அதுவும் பெட்டிக்கு

தம்பிக்கு மலையேற்றப் பைத்தியம். போன மாதம் ஒரு மஞ்சள் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். "அக்கா, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்." பாம்பு கடித்தால் கடிவாயில் வைத்து விஷத்தை உறிஞ்சி எடுக்கும் பம்ப். நான் அவசரச் சிகிச்சைப் பிரிவில் 14 ஆண்டுகளாக நர்ஸ். பெட்டியைத் திறக்காமலே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அவன் கைபேசியில் வரிசையாக ஐந்து நட்சத்திர விமர்சனங்களைக் காட்டினான். என் வாய்வார்த்தை அதற்கு ஈடாகாது என்று தெரிந்தது. சரி, நானும் ஒரு விமர்சனம் எழுதிவிடுகிறேன் என்று பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

உள்ளே ஒரு பம்ப், வெவ்வேறு அளவில் நான்கு பிளாஸ்டிக் கிண்ணங்கள், ஒரு சவரக் கத்தி, இறுக்கிக் கட்ட ஒரு கயிறு, இரண்டு ஸ்பிரிட் பஞ்சு, எட்டாக மடித்த தாள் ஒன்று. பெட்டி நன்றாக இருக்கிறது. மூடியில் ரப்பர் வளையம் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் நிரம்பிய வாளியில் அழுத்திப் பிடித்துப் பார்த்தேன், ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. இந்த விமர்சனத்தில் பாராட்டு இத்தோடு முடிகிறது.

முதலில் என் முன்கையிலேயே வைத்துப் பார்த்தேன். பம்பின் தண்டை அமுக்கியதும் தோல் பணியாரம் போல உப்பிக்கொண்டு கிண்ணத்துக்குள் ஏறியது. இழுவை பலமானதுதான், அதில் ஏமாற்று இல்லை. ஐந்து நிமிடம் கழித்து எடுத்தபோது கருநீல வட்டம் ஒன்று பதிந்திருந்தது. அது மறைய நான்கு நாள் ஆயிற்று. வார்டில் பார்த்தவர்கள் எல்லாம் என்ன ஏது என்று விசாரித்தார்கள்.

அடுத்து ஒரு தட்டில் ஜெலட்டினைக் கெட்டியாக உறையவைத்து, சிவப்பு மை கலந்த தண்ணீர் 1 மில்லியை ஊசியால் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் செலுத்தினேன். தாளில் சொன்னபடி மூன்று நிமிடத்துக்குள் கிண்ணத்தை வைத்து இழுத்தேன். ஊசி போன வழியில் தங்கியிருந்த கொஞ்சம் மை மேலே வந்து கிண்ணத்தின் விளிம்பில் ஒட்டியது. மீதி இருந்த இடத்திலேயே இருந்தது. ஜெலட்டின் சதை ஆகாது என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் சதையில் நிலைமை இதைவிட மோசம். பாம்பின் நச்சுப்பல் வளைந்தது. அது வெளியே வந்ததும் துளையைத் தோல் மூடிக்கொள்கிறது. விஷமும் குட்டையில் தேங்கிய நீர் மாதிரி ஓரிடத்தில் நிற்பதில்லை, திசுக்களுக்குள் ஊறிப் பரவிவிடுகிறது. அதில் இருக்கும் நொதிகளே திசுவைக் கரைத்து வழி உண்டாக்கிக்கொள்கின்றன.

இதை மனிதர்களிடமே சோதித்திருக்கிறார்கள். 2004இல் வெளியான ஆய்வு ஒன்றில் 8 தன்னார்வலர்களின் காலில், கதிரியக்கத் தடம் சேர்த்த போலி விஷத்தைச் செலுத்தி, மூன்று நிமிடத்தில் இதே வகைப் பம்பை வைத்து 15 நிமிடம் உறிஞ்சினார்கள். வெளியே வந்த திரவத்தில் இருந்தது, செலுத்திய அளவில் 0.04 சதவீதம். பத்தாயிரத்தில் நான்கு பங்கு. அதற்கு முன் 2000இல் பன்றிகளிடம் நடந்த சோதனையில், வாலைக் கிலுகிலுப்பை போல ஆட்டும் விரியன் வகையின் விஷத்தைப் பயன்படுத்தினார்கள். பம்ப் வைத்ததால் வீக்கம் குறையவில்லை. குறையாதது போகட்டும், இரண்டு பன்றிகளுக்குக் கிண்ணத்தின் அளவிலேயே வட்டமாகச் சதை அழுகி உதிர்ந்தது. புண் ஆறுவது வாரக்கணக்கில் தள்ளிப்போனது. என் கையில் பதிந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இதைப் படித்தேன்.

பிறகு எப்படி இத்தனை ஐந்து நட்சத்திரம்? உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்குச் சுமார் 54 லட்சம் பேரைப் பாம்பு கடிக்கிறது. அதில் விஷம் ஏறுவது 18 முதல் 27 லட்சம் பேருக்கு. மற்றவர்களைக் கடித்தது விஷமற்ற பாம்பாக இருக்கும், அல்லது விஷப்பாம்பே விஷம் இறக்காமல் வெறுங்கடி கடித்திருக்கும். அவர்களின் கடிவாயில் பம்பை வைத்தாலும் பிழைப்பார்கள், பித்தளைச் சொம்பை வைத்தாலும் பிழைப்பார்கள். நட்சத்திரம் போட்டவர்களில் எத்தனை பேர் அந்தக் கணக்கில் வருகிறார்களோ. மற்ற கணக்கில் வந்தவர் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்.

நடுவயதுக்காரர், புல் அறுக்கும்போது விரியன் கடித்தது. இதே போன்ற ஒரு பம்பை வைத்து 40 நிமிடம் உறிஞ்சியிருக்கிறார்கள். காலில் கயிறு வேறு. மகன் என்னிடம் பெருமையோடுதான் சொன்னான்: "நிறைய வந்தது சிஸ்டர். இழுக்க இழுக்க ரத்தம் வந்துகொண்டே இருந்தது. விஷ ரத்தம் எல்லாம் போய்விட்டது."

எனக்கு அடிவயிறு கலங்கியது. விரியனின் விஷம் ரத்தத்தின் உறையும் தன்மையைக் குலைக்கும். உறைவதற்கான புரதங்களைத் தூண்டித் தூண்டியே செலவழித்துத் தீர்த்துவிடும். இழுக்க இழுக்க ரத்தம் வந்ததற்கு அதுதான் காரணம். பம்ப் வேலை செய்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்த அடையாளம், விஷம் வேலை செய்வதற்கான அடையாளம். இந்தக் கருவியின் மேல் எனக்குள்ள கோபம் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான்.

சோதனைக்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். நல்ல ரத்தமாக இருந்தால் கட்டியாக அடியில் நிற்கும். அன்று சாய்த்தேன், கண்ணாடி ஓரமாக டீக்கஷாயம் போல வழிந்தது. மகன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு பம்பைப் பற்றி அவன் பேசவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பொருளையும் விமர்சிக்கிறேன்: விஷமுறிவு மருந்து. 1890களில் பிரெஞ்சு மருத்துவர் கால்மெட் முதலானோர் கண்ட வழிதான் இன்றும். குதிரைக்குச் சிறுகச் சிறுக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புரதத்தைப் பிரித்தெடுப்பது. குப்பியின் அடியில் வெள்ளைக் கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். 10 மில்லி தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும், மத்துக் கடைவது போல. அன்று பத்துக் குப்பி. நானும் இன்னொரு நர்ஸும் எதிரெதிரே நின்று உருட்டினோம். மனிதருக்கு உயிர் போகிறது, நாங்கள் அவசரப்படவும் முடியாமல் நுரை அடங்கக் காத்திருக்கிறோம். இதைத் தயாரிக்கிறவர்கள் ஒரு நாள் வந்து பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

குறைகள் இன்னும் உண்டு. அன்னியப் புரதம் என்பதால் ஒவ்வாமை வரும். அவருக்கும் அரைமணியில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சில் விசில் சத்தம் கேட்டது. அட்ரினலின் ஊசியைத் தயாராக எடுத்து வைத்திருந்தோம். தொடையில் போட்டோம், அடங்கியது. எந்தப் பாம்பின் விஷத்தைக் குதிரைக்கு ஏற்றினார்களோ அந்த வகைக்குத்தான் மருந்து முறையாகக் கேட்கும். பெயரில் மட்டும் விரியனாக உள்ள கட்டுவிரியன் போன்றவை நரம்பு முனைகளையே சிதைத்துவிட்டால், அதற்குப் பிறகு எத்தனை குப்பி ஏற்றினாலும் சிதைந்தது திரும்பாது. முனைகள் தாமாக வளரும்வரை வென்டிலேட்டர்தான் காப்பாற்ற வேண்டும். (கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலியும் இருக்காது, தடமும் தெரியாது. பம்பை எங்கே வைப்பார்கள்?)

ஆனால் ஆறு மணி நேரம் கழித்து மறுபடி குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் காத்திருந்து சாய்த்தேன். அசையவில்லை. கருஞ்சிவப்பாக, அப்படியே நின்றது. மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்த மருந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது அந்த நுரைக்காக.

பையில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகும்படியான சிகிச்சை வேண்டும் என்ற தம்பியின் ஆசையில் தப்பில்லை. ஆராய்ச்சியாளர்களும் அதைத்தான் தேடுகிறார்கள். முன்பு இதய நோய்க்காகச் சோதிக்கப்பட்ட வரெஸ்பிளாடிப் என்ற மருந்து, பல பாம்பு விஷங்களில் உள்ள பாஸ்போலிபேஸ் நொதியைத் தடுக்கிறது. அதை மாத்திரையாகக் கொடுத்து நோயாளிகளிடமே சோதித்திருக்கிறார்கள். முதன்மை இலக்கை எட்டவில்லை, சீக்கிரம் பெற்றுக்கொண்டவர்களிடம் பலன் தெரிவதுபோல் இருந்தது. பாதரச நஞ்சுக்குக் கொடுக்கும் யூனிதியோல், விரியன் விஷத்தின் இன்னொரு நொதி நம்பியிருக்கும் துத்தநாகத்தைப் பறித்துக்கொள்கிறது. 2025இல் கணினியில் வடிவமைத்த குட்டிப் புரதங்கள் நாகவகையின் நரம்பு நச்சை முடக்கி எலிகளைக் காப்பாற்றின. இவற்றில் ஒன்றாவது இந்த மஞ்சள் பெட்டிக்குள் வந்து உட்காரும் நாள் வரட்டும், பெட்டிக்கும் சேர்த்து ஐந்து நட்சத்திரம் போடுகிறேன்.

இப்போதைக்குத் தம்பியின் பெட்டியைக் காலி செய்தேன். சவரக் கத்தி குப்பைக்குப் போயிற்று: உறையாத ரத்தம் உள்ளவரைக் கீறுவது போன்ற மடத்தனம் வேறில்லை. கயிறும் போயிற்று. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைக்க ஒரு மடக்குத் தட்டையும் அகலத் துணியும் வைத்தேன். வீக்கத்தின் விளிம்பைக் கோடிட்டு நேரம் குறிக்க ஒரு பேனா. போகும் வழியில் விஷமுறிவு மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று எழுத ஒரு வெற்றுத்தாள். அதைக் கிளம்பும் முன் விசாரித்து அவன்தான் நிரப்ப வேண்டும். மோதிரத்தையும் கொலுசையும் உடனே கழற்ற வேண்டும் என்று மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டினேன். "எனக்கு ஏது கொலுசு?" என்றான். கூடப் போகிறவர்களுக்கு இருக்குமே.

பம்பை மட்டும் திருப்பிக் கேட்டான். தேள் கடிக்காவது ஆகுமே என்றான். முன்கையை நீட்டச் சொல்லிக் கிண்ணத்தை வைத்து ஐந்து நிமிடம் விட்டேன். இப்போது அவனும் கேட்பதில்லை.