மர கேஸ் ஜெனரேட்டர்: லோடு குறைந்தால் தார்தான்

10 கிலோவாட் மர கேஸ் ஜெனரேட்டர் (மரத்தை உலையில் கேஸாக்கி, அந்த கேஸில் எஞ்சினை ஓட்டிக் கரண்ட் எடுப்பது) வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு மரம் ஆகும்? பதில் சுலபம். நன்றாகக் காய்ந்த துண்டு என்றால் 1.2 முதல் 1.5 கிலோ. விற்பவர்கள் சொல்வதும் இதேதான், அதில் பொய் இல்லை. குறைந்த லோடில் ஓட்டினால் என்ன ஆகும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை, விற்பவர்களும் தாமாகச் சொல்வதில்லை. போன வாரம் எஞ்சின் ஹெட்டை இறக்கி ஏற்றியிருக்கிறோம், அதனால் இது கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது டவுன்டிராஃப்ட் வகை, அதாவது காற்றும் கேஸும் மேலிருந்து கீழாக இறங்கும் உலை. மேலே மரத்துண்டு, நடுவில் காற்று நுழையும் துளைகள், அதற்குக் கீழே குறுகலான தொண்டை, அதற்கும் கீழே கரிப்படுகை. மரம் சூடேறும்போது வரும் புகையில் தார் ஏகத்துக்கும் இருக்கும். அந்தப் புகை முழுக்க 1000 டிகிரிக்கு மேல் தகிக்கிற தொண்டையைக் கடந்துதான் வெளியே வர வேண்டும், அங்கே தார் உடைந்து எரியும் வாயுவாகிவிடும், இதுதான் இந்த வடிவமைப்பின் சூட்சுமம். அப்புறம் கரிப்படுகை வழியாக இறங்கும்போது கரியமில வாயு கார்பன் மோனாக்சைடாகவும் நீராவி ஹைட்ரஜனாகவும் மாறும். படித்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தொண்டையில் அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? எஞ்சின் உறிஞ்சுகிற காற்றிலிருந்துதான். எஞ்சின் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு காற்று, அவ்வளவு நெருப்பு. நாலு விளக்கு, ஒரு ஃபேன், ஒரு சார்ஜர் என்று லோடு போட்டால் எஞ்சின் இழுப்பு குறையும், தொண்டையில் சூடு இறங்கும், முதலில் ஓரங்கள் ஆறும், அந்த ஓரம் வழியாகத் தார் உடையாமல் நழுவி வரும்.

அப்படி வருவது உடனே தெரியாது. எஞ்சின் சத்தம் மாறாது, வோல்டேஜ் இறங்காது. கேஸைச் சுழலவிடும் சைக்ளோனும் துணி ஃபில்டரும் தூசியைப் பிடிக்கும், ஆவியாக வரும் தாரை முழுசாகப் பிடிக்காது. எஞ்சினுக்குள் போகிற கேஸில் ஒரு கன மீட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் தார் இருக்கக்கூடாது என்பது பொதுவான கணக்கு, அதையும் 50-க்குள் வைத்தால் நல்லது என்பார்கள். கால் லோடில் மணிக்கணக்காக ஓட்டினால் அந்தக் கணக்கெல்லாம் காற்றில் போய்விடும். தார் இன்டேக் பைப்பின் உள்சுவரிலும் இன்லெட் வால்வின் தண்டிலும் மெல்லிசாகப் படியும். சூடாக இருக்கும் வரை இளகி இருக்கும், நிறுத்தி ஆறவிட்டால் இறுகிக்கொள்ளும். மறுநாள் ஸ்டார்ட் செய்தால் வால்வு அசையாமல் சிக்கி நிற்கும், அதைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு வளையும். எங்களுக்கு நடந்ததும் இதுவேதான். பிரித்த மெக்கானிக் பார்த்துவிட்டு, ரோடு போடுகிற எஞ்சினா என்று கேட்டார்.

விற்றவரிடம் கேட்டால், லோடு நிறைய கொடுங்கள் சார் என்கிறார். இதை விற்கும்போது சொல்லியிருக்கலாம் அல்லவா? டெமோ காட்டும்போது பெரிய ஹீட்டர் வரிசையை மாட்டி முழு லோடில் ஓட்டிக் காட்டினார்கள், கேஸ் அருமையாக வந்தது, வராமல் என்ன. சும்மா எரிகிற இரண்டு பல்பை மாட்டி ராத்திரி முழுக்க ஓட்டிக் காட்டியிருக்க வேண்டும், அதுதான் டெமோ. விளம்பரத் தாளில் 'வீடுகள், கிராமங்களுக்கு ஏற்றது' என்று ஒரு வரி வேறு. வீட்டு லோடு எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஏறும், மீதி நேரமெல்லாம் சொற்பம். இந்த மெஷினுக்கு ஆகாத லோடு எது என்று தேடினால் அதுதான் முதலில் வரும்.

சின்னச் சின்னதாக அடிக்கடி ஓட்டி நிறுத்துவதும் இதே தொல்லைதான். மூட்டியதும் முதல் பத்துப் பதினைந்து நிமிடம் தொண்டை சூடேறாது, அதுவரை வருகிற கேஸ் எஞ்சினுக்கு ஆகாது, புளோயர் போட்டு இழுத்து, ஃபிளேரில் (வெளியே எரித்துவிடும் குழாயில்) எரித்துத் தீர்க்க வேண்டும். வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்தது நின்று, பகலில் கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஊதா நீலத் தீயாக நிலைத்து எரிந்தால்தான் எஞ்சினுக்குத் திருப்பலாம். ஒரு மணி நேர வேலைக்காக இதைச் செய்கிறவருக்குப் பொறுமை அதிகம் என்று அர்த்தம்.

ஆகவே இப்போது என்ன நடக்கிறது என்றால், கரண்ட் வேண்டும் என்று மெஷினைப் போட்டது போய், மெஷின் ஓடுகிறதே என்று கரண்டுக்கு வேலை தேடுகிறோம். எங்களுடையது மரப்பட்டறை. அறுப்பதையும் இழைப்பதையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். அது குறையும்போது தண்ணீர் மோட்டார் தானாக ஏறும், தொட்டி நிறைந்ததும் பேட்டரி சார்ஜர் ஏறும். எது எப்படிப் போனாலும் முக்கால் லோடுக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதுதான் கணக்கு. ராத்திரி விளக்கு, ஃபேன், கேமரா எல்லாம் பேட்டரியில், மெஷின் அணைந்திருக்கும். இப்படி மாற்றியபிறகு ஃபில்டர் துணி சாம்பல் நிறத்தில், தட்டினால் உதிர்கிற தூசியோடு வருகிறது. முன்பு பிசுபிசுவென்று கையில் ஒட்டும். ஆக, சிறிய மர கேஸ் ஜெனரேட்டர் வாங்குகிறவர் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் சேர்த்தே பணம் எடுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பணம் வால்வுக்குப் போகும். விலைப்பட்டியலில் இது எங்கும் இருக்காது.

இன்னொரு விஷயம். பட்டறை வைத்திருக்கிறாய், மரத்தூள் மலையாகக் கிடக்குமே, அதைப் போட்டால் ஆயிற்று என்கிறார்கள். ஆகாது. தூளைக் கொட்டினால் காற்று போகவே இடம் இருக்காது, படுகை அடைத்துக்கொள்ளும். இரண்டரை சென்டிமீட்டரில் இருந்து ஏழு சென்டிமீட்டர் வரை துண்டு வேண்டும், நீளமாக ஒல்லியாக இருந்தால் ஹாப்பருக்குள் (மரம் கொட்டும் மேல்தொட்டி) ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பாலம் கட்டி நிற்கும், கீழே இருப்பது எரிந்து குழி விழும், மேலே இருப்பது இறங்காது. அங்கேயும் தார். (எதைத் தொட்டாலும் கடைசியில் தார்தான் வருகிறது, கவனித்தீர்களா.) கொட்டாங்குச்சி கிடைத்தால் விடாதீர்கள், உடைத்துப் போட்டால் சாம்பல் மிகக் குறைவு, கெட்டியான கரி, இறங்குவதும் நன்றாக இறங்கும். நெல் உமியை மட்டும் இந்த வகை மெஷினில் போடவே வேண்டாம், எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அந்தச் சாம்பலும் பெரும்பாலும் சிலிக்கா, அதற்கென்றே தனி வடிவமைப்பு உலைகள் இருக்கின்றன.

ஈரம் பற்றி எல்லாரும் சொல்கிறார்கள், நானும் சொல்லிவிடுகிறேன்: 20 சதவீதத்துக்கு மேல் போனால் கை வைக்காதீர்கள். பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீர்தான். ஒரு நல்ல ஈரப்பத மீட்டர் இந்த மெஷினில் எந்த உதிரி பாகத்தையும் விடப் பெறுமானம் உள்ளது. வெட்டுவது, காயவைப்பது, சலிப்பது, ஹாப்பரை நிரப்புவது, சாம்பல் அள்ளுவது, ஃபில்டர் தட்டுவது என்று தினமும் ஒரு ஆளின் நேரம் கொஞ்சமாவது இதற்கென்று போய்விடும். டீசல் ஜெனரேட்டர் என்பது வாங்கி நிறுத்திவிட்டு மறந்துவிடலாம், இது கறவை மாடு வாங்கியது போல, வீட்டில் ஒருவர் எப்போதும் இருந்தாக வேண்டும்.

சரி, திட்டிக்கொண்டே போகிறேன், நியாயத்துக்கு அந்தப் பக்கமும் சொல்ல வேண்டும். நான் எதிர்பார்க்காத ஒன்று சூடு. ஒரு கிலோ காய்ந்த மரத்தில் ஏறக்குறைய 16 மெகாஜூல், யூனிட்டுக்கு 1.3 கிலோ என்று வைத்தால் 21 மெகாஜூல் உள்ளே போகிறது, ஒரு யூனிட் என்பதோ 3.6 மெகாஜூல். ஆறில் ஒரு பங்குதான் கரண்ட், மீதி எல்லாம் சூடு. இந்தக் கணக்கை முதலில் போட்டபோது வெறுத்துப் போனது உண்மை. ஆனால் எக்ஸாஸ்ட் பைப்பைச் சுற்றி ஒரு வெப்பமாற்றி கட்டி, அந்தச் சூட்டுக் காற்றை மரம் அடுக்கிய அறைக்குள் விட்டதும் நிலைமையே வேறு. மழைக்காலத்திலும் மரம் காய்கிறது, மெஷின் தன் தீனியைத் தானே காயவைத்துக்கொள்கிறது. அதோடு நிற்கவில்லை, விற்பனைக்கு அறுத்த பலகையையும் அதே அறையில் காயவைக்கிறோம், பலகை வளைவது குறைந்திருக்கிறது, கொடுத்த இடத்தில் திரும்பி வரும் சண்டையும் குறைந்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் கரண்டைவிட இந்தச் சூடுதான் எங்களுக்கு லாபம். கரண்ட், சூடு இரண்டுக்கும் வேலை இருக்கிற இடத்தில்தான் இந்த மெஷினுக்கு அர்த்தமே. கீழே விழுகிற கரித்தூளும் வீணாகாது, தோட்டத்து மண்ணில் கலந்துவிடலாம். ஆனால் கேஸ் ஆறும் இடத்தில் சேரும் கறுப்புத் தண்ணீரை மட்டும் எங்கேயும் மண்ணில் ஊற்றாதீர்கள், அதில் பீனால் வகை நச்சு இருக்கும், மூடிய கேனில் பிடித்துத்தான் வைக்க வேண்டும். தண்ணீரில் கழுவும் ஸ்கிரப்பர் வைத்த மெஷினில் இந்தத் தொல்லை பல மடங்கு, உலர் ஃபில்டராகப் பார்த்து வாங்குவது உத்தமம்.

எஞ்சின் பவர் பற்றி ஒரே வரி. இந்த கேஸில் பாதிக்குப் பாதி எரியாத நைட்ரஜன், அதனால் பெட்ரோலில் 20 கொடுக்கிற எஞ்சின் இதில் 10, 11 கொடுத்தால் சரியாகத்தான் ஓடுகிறது என்று அர்த்தம், ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். தீ மெதுவாகப் பரவும் என்பதால் ஸ்பார்க்கை முன்கூட்டியே வைத்திருப்பார்கள், அதைத் தெரியாத மெக்கானிக் 'சரிசெய்துவிட்டு' போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். கேஸில் ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு, நிறமும் கிடையாது மணமும் கிடையாது. ஓடும்போது எஞ்சின் உறிஞ்சுவதால் குழாய்க்குள் அழுத்தம் குறைவு, ஓட்டை இருந்தால் காற்றுதான் உள்ளே போகும். அதுவும் நல்லதில்லை, உள்ளே கேஸோடு காற்று கலந்து தீப்பிடித்து டப்பென்று வெடித்து மூடி தூக்கும். எஞ்சினை நிறுத்திய பிறகுதான் மனுஷனுக்கு ஆபத்து அதிகம், உலைக்குள் மரம் புகைந்துகொண்டே இருக்கும், உறிஞ்ச ஆள் இல்லை, கேஸ் வெளியே கசியும். ஓடுகிற வரைக்கும் பயப்பட்டுவிட்டு நின்றதும் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாலு பக்கமும் திறந்த கொட்டகை, கார்பன் மோனாக்சைடு அலாரம், இரண்டும் இல்லாமல் மூட்டவே கூடாது.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் ஐரோப்பாவில் இதே உலையை வண்டிகளில் மாட்டிக்கொண்டு ஓட்டினார்கள், ஸ்வீடனில் மட்டும் 70,000-க்கும் மேற்பட்ட வண்டிகள். போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் கழற்றிப் போட்டுவிட்டார்கள். இது வேலை செய்யும் என்பதற்கு ஆதாரமாக இந்தக் கதையைச் சொல்லித்தான் விற்கிறார்கள், கதையின் இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை. வேறு வழி இருந்தவர்கள் ஒருவர்கூட இதை விரும்பி வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அப்போ வாங்கலாமா? வீட்டுக்கு என்றால் வேண்டவே வேண்டாம், சோலார் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். அவசரத்துக்கு ஒரு ஜெனரேட்டர் என்றாலும் வேண்டாம். சொந்தமாக மரக்கழிவு, தினமும் பல மணி நேரம் சீரான லோடு, சூட்டுக்கும் ஒரு உபயோகம், கவனிக்க ஒரு ஆள், இந்த நாலும் இருப்பவர்கள் யோசிக்கலாம். அவர்களிடமும் இந்த வாரம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதில் ஒன்று காயவைக்கும் அறைக்கு.

ஆனால் 5 கிலோவாட்டில், உலர் ஃபில்டர் போட்டது, தொண்டை தேயாமல் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். பட்டறையில் பெரிய ரம்பம் ஓடாத நாட்களுக்கு அதுதான் சரியாக இருக்கும், முழு லோடிலேயே ஓட்டலாம், நான் எடுத்துக்கொள்கிறேன்.