மில்லிமீற்றரா, கன அளவா, ரேடியோமிக்ஸா? நுரையீரல் ஸ்கானில் எந்த எண்ணை நம்பலாம்

கொழும்பில் நுரையீரல் கட்டிக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் பலரின் ஃபைலில் இரண்டு வெவ்வேறு இடங்களில் எடுத்த சீ.ரி. ஸ்கான் இருக்கும். முதலாவது வெள்ளவத்தைப் பக்கம் ஒரு தனியார் நிலையத்தில் அவசரமாக எடுத்தது. அடுத்தது, திகதி கிடைத்த பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் எடுத்தது. முதல் றிப்போட்டில் கட்டி 11 மில்லிமீற்றர், மூன்று மாதம் கழித்து 13 என்று வைத்துக்கொள்வோம். வளர்ந்துவிட்டதா இல்லையா என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் கேள்வி.

இதற்குப் பதில் தேட மூன்று அளவைகள் இருக்கின்றன. பழையது விட்டம். ஆகப் பெரியதாகத் தெரியும் படத்தில் இரண்டு முனையில் கர்சரை வைத்து ஒரு கோடு போட்டால் வேலை முடிந்தது. சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்க்க உலகம் முழுக்கப் பயன்படும் ரெசிஸ்ட் விதிகள் (இப்போதுள்ள 1.1 பதிப்பு 2009இல் வந்தது) இந்தக் கோட்டை நம்பித்தான் நிற்கின்றன. விட்டம் 20 சதவீதம் கூட வேண்டும், அதோடு குறைந்தது 5 மில்லிமீற்றராவது கூட வேண்டும். அப்போதுதான் நோய் முன்னேறியதாகக் கணக்கு. 11இலிருந்து 13 என்றால் 18 சதவீதம், வெறும் 2 மில்லிமீற்றர். ஆகவே ரெசிஸ்ட்டின் பார்வையில் நிலைமை மாறவில்லை. ஆனால் ஸ்கிரீனிங்கில், அதாவது நோய் அறிகுறி இல்லாதவர்களைச் சோதிப்பதில், பயன்படும் லங்-ராட்ஸ் முறையில் ஒரு வருடத்துக்குள் 1.5 மில்லிமீற்றருக்கு மேல் கூடினாலே அது வளர்ச்சி. இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. ஒன்று உறுதியான புற்றுநோய்க்கு மருந்தை மாற்றலாமா என்று கேட்கிறது; மற்றது இன்னும் பெயர் வைக்காத ஒரு புள்ளியைத் துரத்திப் பார்க்கலாமா என்று கேட்கிறது.

விட்டத்தின் பலவீனம் கர்சர் பிடிக்கும் கையில் இருக்கிறது. ஓரம் முள்முள்ளாக நீண்டிருக்கும் கட்டியில் ஒரு டொக்டர் முள்ளின் நுனியில் வைப்பார், இன்னொருவர் அடியில் வைப்பார். 2 மில்லிமீற்றர் அங்கேயே போய்விடும். சீ.ரி. உடம்பைப் பாண் துண்டுகள் போல வெட்டு வெட்டாகத்தான் படம் எடுக்கும். அந்த வெட்டு தடித்ததாக இருந்தாலும், வேறு மெஷினாக இருந்தாலும் ஓரளவு தாக்குப்பிடிக்கக்கூடிய அளவை இதுதான்.

அடுத்தது கன அளவு. கட்டியை உருண்டை என்று வைத்துக் கணக்குப் போட்டால் 11 மில்லிமீற்றருக்குச் சுமார் 697 கன மில்லிமீற்றர், 13க்குச் சுமார் 1150. அதாவது 65 சதவீதம் கூடியிருக்கிறது! விட்டம் 26 சதவீதம் கூடினால் கன அளவு இரட்டிப்பாகிவிடும். சின்ன மாற்றத்தைப் பிடிக்க இதைவிடக் கூரான ஆயுதம் இல்லை. 2020இல் முடிவு வெளியான நெதர்லாந்து-பெல்ஜியம் நெல்சன் என்ற நுரையீரல் புற்றுநோய் ஸ்கிரீனிங் ஆய்வு இதைத்தான் தேர்ந்தெடுத்தது. 25 சதவீதத்துக்குக் குறைந்த கூடுதலை அவர்கள் வளர்ச்சியாக எடுக்கவில்லை.

அந்தக் கூர்மையை எவ்வளவு நம்பலாம்? நியூயோர்க்கில் 32 நோயாளிகளை ஒரு தரம் ஸ்கான் செய்து, மேசையிலிருந்து இறக்கி, கால் மணி நேரத்துக்குள் திரும்பவும் ஏற்றி ஸ்கான் செய்து பார்த்தார்கள். 2009இல் வெளியானது. கால் மணி நேரத்தில் எந்தக் கட்டியும் வளராது, ஆகவே எண் மாறினால் அது அளப்பதில் உள்ள தடுமாற்றம். கணினி அளந்த விட்டம் ஏறக்குறைய 7 சதவீதத்துக்குள்ளும், கன அளவு 13 சதவீதத்துக்குள்ளும் ஆடியது. அந்தக் கணக்கில் 65 என்பது பயப்பட வேண்டிய எண்தான். ஆனால் அது 1.25 மில்லிமீற்றர் வெட்டுகளில் செய்த சோதனை, இரண்டு தரமும் ஒரே மெஷின். 5 மில்லிமீற்றர் வெட்டில் 11 மில்லிமீற்றர் கட்டி இரண்டு மூன்று படத்தில்தான் வரும்; மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் பக்கத்துக் காற்றோடு கலந்து மங்கிப்போகும். அதிலிருந்து கன அளவு சொல்வது குத்துமதிப்புத்தான்.

மூன்றாவது ரேடியோமிக்ஸ். இதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள், எனக்கு அதிகச் சந்தேகமும் இதில்தான். கட்டியின் அளவோடு நிற்காமல், உள்ளே இருக்கும் சாம்பல் புள்ளிகள் எப்படிச் சிதறியிருக்கின்றன என்பதை நூற்றுக்கணக்கான எண்களாக்குவது இதன் வேலை. 2014இல் 1019 நோயாளிகளின் நுரையீரல், தலை-கழுத்துப் புற்றுநோய் ஸ்கான்களில் 440 எண்களை எடுத்து, அவற்றில் நான்கை வைத்து ஆயுளைக் கணிக்கலாம் என்று ஓர் ஆய்வு வந்தது, பெரிய ஆரவாரம். 2019இல் ரொறன்ரோவில் ஒரு குழு கட்டிக்குள் இருந்த புள்ளிகளைக் கண்டபடி குலைத்துப்போட்டு அதே சூத்திரத்தை ஓட்டிப் பார்த்தது. கணிப்பு பெரிதாக மாறவில்லை! உள்ளமைப்பு என்று நினைத்த எண்களில் பெரும்பகுதி கன அளவையே வேறு பெயரில் சொல்லிக்கொண்டிருந்தது.

மெஷின் விஷயம் இன்னும் மோசம். தக்கை, மரம், ரப்பர் எல்லாம் அடுக்கிய ஒரு மாதிரிப் பெட்டியை 17 ஸ்கானர்களில் எடுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், மெஷினுக்கு மெஷின் வந்த வித்தியாசம் நோயாளிகளின் கட்டிகளுக்கிடையே உள்ள வித்தியாசத்தோடு ஒப்பிடக்கூடியதாக இருந்தது. மெஷினை மாற்றக்கூடத் தேவையில்லை. ஒரே நோயாளி, ஒரே மூச்சில் எடுத்த ஒரே ஸ்கானை, நுரையீரலுக்குக் கூர்மையாக ஒன்றும் மற்றப் பகுதிகளுக்கு மென்மையாக ஒன்றும் என்று இரண்டு விதமாகப் படமாக்குவது வழக்கம். இரண்டிலும் கட்டியின் விட்டம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். உள்ளமைப்பு எண்கள் எங்கோ போய்விடும்.

2020இல் 25 ஆராய்ச்சிக் குழுக்கள் சேர்ந்து இப்படிப்பட்ட 169 ரேடியோமிக்ஸ் எண்களுக்குப் பொதுவான கணக்கு முறையை வகுத்தார்கள். நல்ல வேலை, ஆனால் அது மென்பொருள்களுக்கிடையே இருந்த குழப்பத்தைத்தான் தீர்த்தது; படமே வேறாக வந்தால் என்ன செய்ய? கொம்பாட் என்ற புள்ளியியல் முறை மெஷின் வித்தியாசத்தைச் சரிக்கட்டப் பார்க்கிறது. அதற்கு ஒவ்வொரு மெஷினிலும் எடுத்த ஒரு கூட்டம் நோயாளிகளின் தரவு வேண்டும், தனி ஒருவரின் இரண்டு ஸ்கானுக்கு அது உதவாது.

சரி, அந்த 11க்கும் 13க்கும் வருவோம். என்னைக் கேட்டால், முதலில் ஒரே டொக்டர் இரண்டு ஸ்கானையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து விட்டத்தைத் திரும்ப அளக்க வேண்டும். இரண்டு றிப்போட்டில் உள்ள எண்களைக் கழித்துப் பார்ப்பது போதாது. இரண்டிலும் மெல்லிய வெட்டுகள் இருந்தால் ஒரே மென்பொருளில் கன அளவும் எடுக்கலாம். அப்போது விட்டத்தைவிட அதன் பேச்சுக்கே மதிப்பு அதிகம். ரேடியோமிக்ஸ் இப்போதைக்கு ஆராய்ச்சியோடு இருக்கட்டும்.

அடுத்த ஸ்கானை முடிந்தவரை அதே இடத்தில் எடுப்பது நல்லது. சீடி வாங்கும்போது மெல்லிய வெட்டுப் படங்களும் அதில் இருக்கின்றனவா என்று கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள். தடித்த வெட்டை மட்டும் பதிந்து தருவது சில இடங்களில் வழக்கம். மெல்லியவை நிலையத்தின் கணினியில் நெடுநாள் இருக்கும் என்றும் சொல்ல முடியாது.