ராடுக்கு ஒரு கல்: திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி எங்கள் தோட்டத்துக்கு வந்த கதை

போர், அதாவது ஆழ்துளைக் கிணறு போட ஆள் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் தோட்டம் காங்கேயத்துக்குத் தெற்கே இருக்கிறது. 140 தென்னை, மூன்று ஏக்கர் கொறங்காடு (மேய்ச்சல் நிலம்), நான்கு உருப்படி மாடு. இந்தப் பங்குனியில் திருச்செங்கோட்டிலிருந்து ஒரு வண்டியை வரவழைத்து 800 அடி போர் போட்டோம். வண்டிக்காரர் தன் பேரை இணையத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் பேர் இல்லை. ஆனால் ஒரு போர் வண்டிக்காரரிடம் எதையெல்லாம் கேட்டு வாங்கலாம் என்பது இதைப் படித்தால் தெரியும்.

முதலில் பழைய கதை கொஞ்சம். ஆறு வருடம் முன்னால் வேறு ஒரு வண்டியை வைத்து போர் போட்டோம். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஓட்ட ஆரம்பித்தார்கள். சத்தம் கேட்டுக்கொண்டே படுத்துவிட்டோம். விடிந்ததும் 940 அடி என்று பில் வந்தது. மோட்டார் இறக்கும்போது கயிறு விட்டுப் பார்த்தால் 810க்குக் கீழே போகவே இல்லை. உள்ளே சரிந்திருக்கும் என்றார்கள். சரிந்திருக்கலாம். எண்ணிப் பார்க்காமல் தூங்கினது நாங்கள். அந்த போர் மூன்று வருடம் தண்ணீர் கொடுத்தது, பிறகு நின்றுவிட்டது.

இந்த வருடம் மாசி முடிவதற்குள் தென்னை மட்டையெல்லாம் தொங்க ஆரம்பித்தது. குரும்பை பொலபொலவென்று கொட்டியது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் தெரிந்தவர் கொடுத்த எண்ணுக்குப் போன் போட்டு, அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லி, 5,000 ரூபாய் அட்வான்சும் அனுப்பிவிட்டேன். பேசின நேரம் பத்து நிமிஷம்கூட இருக்காது.

சாயங்காலம் அத்தையிடம் சொன்னேன். அத்தைக்கு 81 வயது. கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “ஏங்கண்ணு, பூக் கேக்காமயே வாக்குக் குடுத்துட்டியா?” என்றார். அவ்வளவுதான் கேட்டார். ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது புரியும், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பொண்ணு பார்க்க, வீடு கட்ட, கிணறு வெட்ட, எதுவானாலும் குலதெய்வத்தின் முன்னால் பூக் கேட்டுவிட்டுத்தான் தொடங்குவோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். பூசாரி இரண்டையும் சாமி முன்னால் போடுவார், சின்னக் குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு. காங்கேயம் பக்கத்துச் சிவன்மலை முருகன் கோயிலில், பக்தர் கனவில் ஆண்டவர் சொன்ன பொருளை வைக்கிற உத்தரவுப் பெட்டி இருக்கிறதே, அதில் வைக்கிற பொருளுக்குக்கூட, கனவில் வந்தது என்று பக்தர் சொன்னதும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. பூப்போட்டுக் கேட்டு, வெள்ளை வந்த பிறகுதான் பெட்டியில் ஏற்றுவார்கள். அந்த மலையைப் பார்த்து வளர்ந்த நான்தான் தென்னையைக் கண்ட அவசரத்தில் மறந்துபோனேன்.

சனிக்கிழமை இன்னொரு ஏஜென்ட் கூப்பிட்டார். நாங்கள் போர் போடப்போவது எப்படியோ தெரிந்திருக்கிறது. அடிக்குப் பத்து ரூபாய் குறைத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னார். 800 அடிக்கு 8,000 ரூபாய் மிச்சம். எங்கள் வீட்டுக்காரர், “அட்வான்ஸ் 5,000 போனாப் போகுது, அப்பவும் மூவாயிரம் லாபம்தானே” என்றார். எனக்கும் அந்தக் கணக்கு ஓடியது. பூக் கேட்டு சிவப்பு வந்துவிட்டால், அதையே காரணமாகச் சொல்லி முதல் வண்டியை நிறுத்திவிடலாம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அதை அத்தையிடம் வாய்விட்டே சொன்னேன்.

அத்தை சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். “பூக் கேக்கறது காரியத்தத் தொடங்கறதுக்கு முன்னால. வாக்குக் குடுத்த பொறவு, அதிலிருந்து தப்பிக்கறதுக்கு ஆத்தாளப் போயிக் கேக்கக் கூடாது சாமி. எடத்த வேணும்னா கேளு. அந்த மனுசனுக்குக் குடுத்த வாக்கு குடுத்ததுதான்.”

செவ்வாய்க்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடந்து, இரண்டு இடம் குறித்துக் கொடுத்திருந்தார். முதல் இடம் வற்றின கிணற்றுக்குத் தென்கிழக்கே, மோட்டார் ரூமுக்கு ஒட்டினாற்போல. வயர் இழுக்க, பைப் போட எல்லாவற்றுக்கும் வசதி. இரண்டாவது இடம் கொறங்காட்டு மூலையில், வெள்வேல மரத்துக்குப் பக்கம். முதல் இடத்துக்குத்தான் அவர் அடித்துச் சொல்லியிருந்தார். அதற்குக் கேட்டோம், சிவப்பு. பேத்தி என் முகத்தைப் பார்த்தாள். இரண்டாவது இடத்துக்குக் கேட்டோம், வெள்ளை. அங்கேயே இரண்டு விஷயம் சாமியிடம் சொன்னேன். 800 அடிக்கு மேல் ஓட்ட மாட்டேன், கையில் இருக்கிற பணம் அவ்வளவுதான். தண்ணீர் எவ்வளவு வந்தாலும் ரோட்டோரம் ஒரு தொட்டி கட்டி, மேய்ச்சலுக்குப் போகிற மாடுகளுக்கு முதலில் நிரப்புவேன்.

வீட்டுக்கு வந்து வண்டிக்காரருக்குப் போன் போட்டு இடம் மாறியதைச் சொன்னேன். கொறங்காட்டுக்குள் வண்டி திருப்புவது கஷ்டம், கூடுதலாகக் கேட்பார் என்று நினைத்தேன். அவர், “ஆத்தா உத்தரவு எங்கியோ அங்கியே போட்டுக்கலாமுங்க்கா. ரேட்டு பேசினது பேசினதுதான். பஞ்சாயத்துல அனுமதி வாங்கின பேப்பர் மட்டும் எடுத்து வைங்க, அத பாக்காம நான் ராடு எறக்கறதில்லைங்க” என்றார். ராடு என்றால் துளை போட இறக்குகிற இரும்புத் தண்டு. அனுமதி மாசி மாதமே வாங்கிவைத்திருந்தோம், புல எண்ணும் ஒன்றேதான். எத்தனையோ வண்டிக்காரர்கள் அந்தக் காகிதத்தைக் கேட்பதே இல்லை.

இனி சேவையைப் பற்றி. வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு வருவதாகச் சொன்ன வண்டி பத்தரைக்குத்தான் வந்தது. முந்தின இடத்தில் பாறை கடினமாக இருந்ததாம். ஐந்து மணிக்கே போன் போட்டுத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டார், ஆனாலும் காலை உணவுக்குச் செய்து வைத்த இட்லி அத்தனையும் ஆறிப்போனது. வண்டியில் வேலை பார்க்கிற பையன்கள் வடக்கத்திக்காரர்கள், நல்ல பிள்ளைகள். ராடு லாரி உள்ளே திரும்பும்போது கிளுவை வேலியில் ஏழெட்டு அடி நசுங்கிவிட்டது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ரேட் இப்படி: முதல் 300 அடிக்கு அடி 95 ரூபாய். அதன்பிறகு ஒவ்வொரு 100 அடிக்கும் பத்துப் பத்து ரூபாய் ஏறும். மேல்மண் உள்ளே சரியாமல் இறக்குகிற கேசிங் பைப் அடி 420. இதை அவரே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஓட்ட ஆரம்பிக்கும் முன்னால் என் கையில் கொடுத்தார். கேசிங் 40 அடி போதும் என்று பேசியிருந்தோம். மேலே சுக்கான் மண் இறங்கிக்கொண்டே போனதால் 60 அடி தேவைப்பட்டது. ஒவ்வொரு பைப்பையும் இறக்கும் முன்னால் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்தது. ராடு ஒன்று 20 அடி. வண்டிக்காரர் என் பேத்தியைக் கூப்பிட்டு, “கண்ணு, ஒவ்வொரு ராடும் மாட்டறப்ப ஒரு கல்லு எடுத்து இந்தச் சட்டியில போடு. சாயங்காலம் நானும் நீயும் எண்ணலாம்” என்றார். அவள் வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள். ஆறு வருடத்துக்கு முன்னால் நாங்கள் ஏமாந்த கதையை நான் அவரிடம் சொல்லவே இல்லை. எல்லா இடத்திலும் வீட்டில் ஒருவரை இப்படி உட்கார வைப்பாராம்.

400 அடி, 500 அடி, வெறும் புகைதான் வந்தது. தென்னந்தோப்பெல்லாம் வெள்ளைப் பொடி. 600க்கும் அப்படியே. எங்கள் வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் களத்துமேட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். 720 அடியில் புகை நின்று ஈரம் கண்டது. 760இல் தண்ணீர் பீய்ச்சியது, ஆனால் முக்கால் இஞ்ச்தான் (போரில் தண்ணீர் வரத்தை இஞ்ச் கணக்கில்தான் சொல்வோம், முக்கால் என்றால் குறைவு). 800 தொட்டபோதும் அதே முக்கால் இஞ்ச். பையன்கள், இன்னும் நூறு அடி போனால் பெரிய ஊற்று சிக்கும் என்று சைகை காட்டினார்கள். என் மனசும் ஓடியது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கழுத்தில் இருப்பதை வைத்தாவது ஓட்டிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது.

வண்டிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு என்னிடம் வந்தார். “அக்கா, 800தான்னு எங்கிட்ட மட்டுமா சொன்னீங்க?”

“ஆத்தாகிட்டயும் சொல்லியிருக்கறனுங்க” என்றேன்.

“அப்பறம் ஏனுங்க்கா? கீழ தண்ணி இருக்குதா இல்லையான்னு எனக்கும் தெரியாதுங்க. நூறு அடி ஓட்டினா எனக்குத்தான் 15,500 ரூவா வரும்” என்று சொல்லிவிட்டு, பையன்களை ராடு ஏற்றச் சொன்னார்.

தனக்கு வருகிற காசை வேண்டாம் என்று நிறுத்தின வியாபாரியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இருட்டுகிற நேரத்தில் சட்டியைக் கொட்டி எண்ணினோம். 40 கல். போருக்கு 91,000, கேசிங்குக்கு 25,200, மொத்தம் 1,16,200 ரூபாய். அட்வான்சைக் கழித்துக்கொண்டு வாங்கினார், ஒரு ரூபாய் கூட்டவில்லை. கையோடு கேசிங் வாய்க்கு மூடி போட்டு இறுக்கினார். பழைய போர் திறந்து கிடப்பதைப் பார்த்து, மிச்சமிருந்த ஒரு மூடியை அதற்கும் மாட்டிவிட்டார். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை போர்க்குழிக்குள் விழுந்து, நாலு நாள் ஊரே உட்கார்ந்து அழுதோமே. அதை நினைத்தால் வாய் திறந்த குழியைத் தாண்டிப் போக மனசு வராது என்றார். மூடிக்குக் காசு வாங்கவில்லை. எங்கள் வீட்டுக் குழந்தை ஓடியாடுகிற இடம், நாங்கள் மூன்று வருடமாகப் பழைய சாக்கை வைத்து மூடியிருந்தோம். அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். வேலை நேரத்தில் அவர் போனை எடுப்பதே இல்லை. கணக்கெல்லாம் கையெழுத்துத் தாளில்தான், அச்சடித்த பில் கேட்டதற்குப் பத்து நாள் கழித்து வந்தது. பொடி பறப்பதைத் தடுக்கத் தண்ணீர் அடிக்கிற ஏற்பாடு கிடையாது, பக்கத்தில் வீடு இருந்தால் துணிமணியை மூடிவைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் எப்படி என்று கேட்பீர்கள். மோட்டார் மூன்று மணி நேரம் ஓடினால் இரண்டு மணி நேரம் ஊற விட வேண்டியிருக்கிறது. சொட்டு நீரில் தென்னைக்கு முறை வைத்து விடுகிறோம். குருத்து பச்சையாக வருகிறது. முதல் இடத்தில் போட்டிருந்தால் இதைவிட அதிகம் வந்திருக்குமோ என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். நான் அந்தக் கேள்விக்குள் போகவில்லை. உத்தரவு வந்த இடத்தில் போட்டோம், வந்த தண்ணீரை வைத்துப் பிழைக்கிறோம்.

ரோட்டோரத் தொட்டியை மழைக்குப் பிறகு கட்டிக்கொள்ளலாம், முக்கால் இஞ்சில் மாட்டுக்கு வேறு ஊற்றுவதா என்றார் வீட்டுக்காரர். அதற்கு நான் பூக் கேட்கப் போகவில்லை. சித்திரை முதல் வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டுக் கட்டிவிட்டோம். காலையில் மோட்டார் போட்டதும் முதலில் அந்தத் தொட்டிதான் நிரம்பும்.

கிளுவை வேலி மட்டும் பாக்கி. வண்டிக்காரர் அன்றைக்கே வேலமுள் வெட்டி இடைவெளியை அடைத்துக் கொடுத்தார். இப்போது போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) நட்டால் காய்ந்துவிடும், ஐப்பசி மழைக்கு நானே போத்து கொண்டுவந்து நட்டுத் தருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். ஐப்பசி வரட்டும், அதையும் இதன் கீழேயே எழுதுகிறேன்.