லயன் கிங் விளையாட்டு, மூன்று வருடத்துக்குப் பிறகு

சின்ன வயதில் சித்தப்பா வீட்டு டாஸ் கணினியில் (விண்டோஸுக்கு முந்தைய பழைய இயங்குதளம்) லயன் கிங் ஆடியிருக்கிறேன். இரண்டாவது கட்டத்துக் குரங்குகளைத் தாண்டியதே இல்லை. 1994-இல் டிஸ்னியின் அதே பெயர்ப் படத்தையொட்டி வந்த விளையாட்டு. வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் செய்தது. மூன்று வருடம் முன்பு ஜிஓஜி என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கி விண்டோஸ் 10-இல் நிறுவினேன். அதே பழைய டாஸ் விளையாட்டுதான். டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளும் கூடவே வருவதால் உடனே ஓடியது.

ஆனால் நாம் ஆட்டுவிக்கும் சிங்கக்குட்டி சிம்பா கொஞ்சம் நசுங்கித் தெரிந்தான். 320×200 புள்ளிப் படம், பழைய 4:3 திரையில் நிரம்புவதற்காக வரைந்தது. டாஸ்பாக்ஸ் அமைப்புக் கோப்பில் ‘ஆஸ்பெக்ட்’ வரியை ‘ட்ரூ’ என்று மாற்றியதும் சரியானது. இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். டிஸ்னி ஓவியர்கள் வரைந்த அந்த அசைவுகளைச் சரியான அளவில் பார்ப்பதே தனி சுகம்.

அப்புறம் கீபோர்டு. ஓடிக்கொண்டே குதித்து நகத்தால் கீறும்போது மூன்றாவது விசையை என் கீபோர்டு கண்டுகொள்ளவில்லை. யூஎஸ்பி கேம்பேட் வாங்கிய பிறகுதான் கை பழகியது.

குரங்குகளின் சூட்சுமம் இதுதான்: கர்ஜனை அளவு முழுதாக நிரம்பும்வரை காத்திருந்து கர்ஜித்தால் இளஞ்சிவப்புக் குரங்கு திரும்பிக்கொள்ளும், சிம்பாவை வேறு பக்கம் வீசும். எதைத் திருப்புவது, எதை விடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடையில் விளையாட்டை வாடகைக்கு எடுப்பவர்கள் சீக்கிரம் முடித்துவிடக் கூடாது என்று டிஸ்னி கேட்டதால் இந்த இடத்தைக் கடினமாக்கினோம் என்று வெஸ்ட்வுட்டின் லூயிஸ் காசில் பின்னாளில் சொன்னார். குழந்தைகளுக்கான விளையாட்டில் அது நியாயமே இல்லை. அதைப் படித்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.

2019-இல் வந்த அலாதீன், லயன் கிங் தொகுப்பையும் வாங்கினேன். அதில் செகா, நின்டெண்டோ விளையாட்டுக் கருவிகளுக்கான பதிப்புகள் உண்டு, ரீவைண்டும் உண்டு. தவறு செய்த நொடிக்கே திரும்பிப் போகலாம். முதல் முறை அதைத் தொட்டுத் தொட்டு ஒரே ராத்திரியில் முடித்தேன்; மறுநாள் எதுவும் நினைவில் நிற்கவில்லை. இப்போது குரங்குக் கட்டத்தில் மட்டும் பயன்படுத்துகிறேன். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்தத் தொகுப்பையே வாங்குங்கள்.

எனக்கு டாஸ் பதிப்புதான். கடைசியில் வில்லன் ஸ்காரை எவ்வளவு அடித்தாலும் போதாது, பாறை விளிம்புக்கு இழுத்துவந்து தூக்கி எறிய வேண்டும். போன மாதம் எறிந்துவிட்டேன். சித்தப்பாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன்.