எலக்ட்ரம் வாலட்: மூன்றில் இரண்டு கையொப்பம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது, திருநெல்வேலி சந்திப்பை ஒட்டிய என் வாடகை வீட்டின் தரைத்தளத்தில் இடுப்பளவு நீர் நின்றது. அலமாரியின் கீழ்த்தட்டில் ரேஷன் கார்டோடு வைத்திருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். பிட்காயினை வைத்திருக்கவும் அனுப்பவும் நான் பயன்படுத்தும் எலக்ட்ரம் என்ற கணினிச் செயலியின் (வாலட்) மீட்புச் சொற்கள், அதாவது கணினி போனாலும் பணத்தைத் திரும்பப் பெற உதவும் ஆங்கிலச் சொற்கள், அதில் பன்னிரண்டு இருந்தன. ஒன்பதைத்தான் படிக்க முடிந்தது. மற்ற மூன்றும் நீல மையாகக் கரைந்திருந்தன. மடிக்கணினி மேல்தட்டில் இருந்ததால் மட்டுமே பிட்காயின் தப்பியது.

அதன்பின், மூன்று சாவிகளில் (மீட்புச் சொற்களிலிருந்து உருவாகும் ரகசிய எண்கள்) எவையேனும் இரண்டு மின்னணு முறையில் கையொப்பமிட்டால்தான் பணம் நகரும் முறைக்கு அதே எலக்ட்ரமில் மாறினேன். வங்கி லாக்கரிலும் இரண்டு சாவிகள் உண்டு. ஆனால் நம்முடையது தொலைந்தால் பூட்டை உடைக்கத்தான் வேண்டும். இங்கே ஒன்று தொலைந்தாலும் மற்ற இரண்டும் போதும். ஒன்று மட்டும் திருடன் கையில் சிக்கினால் அவனுக்கு அதனால் பயனில்லை.

2011 முதல் இலவசமாகக் கிடைக்கும் இந்தச் செயலியில் அமைப்பு வேலை ஒரு பிற்பகலில் முடிந்துவிடுகிறது. மூன்று கணினிகளில் தனித்தனி மீட்புச் சொற்களை உருவாக்கி, ஒவ்வொன்றின் முதன்மைப் பொதுச் சாவியையும் (முகவரிகளை உருவாக்க மட்டும் உதவும், பணத்தை நகர்த்த முடியாத நீண்ட எழுத்துத்தொடர்) மற்ற இரண்டிலும் ஒட்டி, மூன்றிலும் ஒரே பெறும் முகவரி தோன்றுகிறதா என்று எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். பலர் சறுக்கும் இடம் அதற்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு மீட்புச் சொல்தொகுதிகள் கையில் இருந்தாலும், தொலைந்துபோன மூன்றாவதன் பொதுச் சாவி இல்லாவிட்டால் வாலட்டை மீட்க முடியாது. ஆகவே ஒவ்வொரு சொல்தொகுதியோடும் மூன்று பொதுச் சாவிகளையும் சேர்த்தே வைக்க வேண்டும். தவிர, எலக்ட்ரமின் சொல்தொகுதி அதற்கே உரிய வடிவம் கொண்டது. பிற வாலட்டுகள் பலவற்றில் அதை இட்டால் ஏற்காது.

காகிதத்தை இனி நம்புவதாக இல்லை. பாத்திரக் கடையில் எவர்சில்வர் தட்டு மூன்று வாங்கி, பேர் வெட்டும் கருவியை ஒரு நாளுக்கு இரவல் கேட்டு, சொற்களை நானே வெட்டினேன். ஒவ்வொரு சொல்லின் முதல் நான்கு எழுத்துகளே அதை, மீட்புச் சொற்கள் எடுக்கப்படும் பட்டியலின் 2048 சொற்களில் மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டிவிடும் என்பதால், சொற்களுக்கு ஒரு தட்டில் நாற்பத்தெட்டு எழுத்துகளுக்கு மேல் தேவைப்படவில்லை. கடைக்காரரிடமே வெட்டக் கொடுத்திருந்தால் எழுத்து அழகாக வந்திருக்கும், ரகசியம்தான் இருந்திருக்காது. தட்டுகள் எங்கே இருக்கின்றன என்று எழுதுவது இந்த மதிப்புரையின் வேலையன்று.

குறைகளும் உண்டு. பல கையொப்பப் பரிமாற்றத்தின் அளவு பெரிது என்பதால் கட்டணம் கூடுகிறது. ஒற்றைக் கையொப்பத்தோடு ஒப்பிட்டால் ஒவ்வோர் உள்ளீடும் (முன்பு வந்து, இப்போது செலவிடப்படும் ஒரு தொகை) ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இடம் எடுக்கிறது. 2018 இறுதியில் போலிப் புதுப்பிப்புச் செய்தியை நம்பிப் பணம் இழந்த எலக்ட்ரம் பயனர்கள் பலர் என்பதால், அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டுமே இறக்கி, கோப்பு உருவாக்கியவர்களுடையதுதான் என்று காட்டும் மின்னணுக் கையொப்பத்தையும் சரிபார்க்கிறேன். கையொப்பங்களின் எண்ணிக்கையை மட்டும் நம்பியிருப்பதும் தவறு. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற இந்திய கிரிப்டோ வர்த்தகத் தளத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் போனதும் பல கையொப்ப வாலட்டிலிருந்துதான். எதற்குக் கையொப்பமிடுகிறோம் என்பதைத் திரையில் படித்துப் பார்க்காவிட்டால் மூன்று சாவியும் ஒன்றுதான்.

சில ஆயிரம் ரூபாய் வைத்திருப்பவருக்கு ஒற்றைக் கையொப்பமும் ஓர் எவர்சில்வர் தட்டும் போதும். அதற்கு மேல் வைத்திருப்பவர், பணத்தை மாற்றும் முன் வெற்றுக் கணினியில் ஒருமுறை மீட்டுப் பார்க்கட்டும். நான் எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் குறிப்பை வைத்துக்கொண்டு, தென்காசியிலிருந்து வந்த என் அக்கா ஒரு மாலையில் அதைச் செய்து முடித்தாள். பொதுச் சாவியில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்து நின்ற இடத்தில் மட்டும் என்னைக் கூப்பிட்டாள்.