ஒரே பயணம் போன கன்டெய்னரா, பழைய கன்டெய்னரா?

சாமான் வைக்க 20 அடி கன்டெய்னர் வாங்கப் போனால் இரண்டு வகை கண்ணில் படும். ஒன்று, தொழிற்சாலையிலிருந்து சரக்கோடு ஒரே முறை கடல் கடந்து வந்தது. மற்றது, பத்துப் பதினைந்து வருடம் கப்பலில் உழைத்து ஒதுக்கப்பட்டது.

முதலாவதில் யோசிக்க அதிகம் இல்லை. கதவு லேசாகத் திறக்கும், பெயின்ட் புதிது, விலைதான் கூடுதல்.

பழையதைப் போட்டோ பார்த்து வாங்கவே கூடாது. உள்ளே போய் நின்று, கதவுகளை வெளியிலிருந்து சாத்தச் சொல்லுங்கள். கூரையில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் மழை அந்த வழியாக இறங்கும். அப்புறம் கதவு ரப்பரை விரலால் அழுத்திப் பாருங்கள்; வெடித்திருந்தால் மாற்றுச் செலவு உண்டு. சுவரில் மேலாகப் படிந்த துருவுக்குப் பயப்பட வேண்டாம், கன்டெய்னர் செய்யும் கோர்டென் எஃகு அப்படித்தான்; அதன் மேல்துருவே உள்ளே அரிப்பு இறங்காமல் தடுக்கும். அடிப்பக்கக் குறுக்குச் சட்டங்கள் அரித்திருந்தால் மட்டும் பேரமே பேசாமல் திரும்பிவிடுங்கள். தரை 28 மில்லிமீட்டர் பிளைவுட். முன்பு ஏறிய சரக்கின் கறையும் வாடையும் அதில் தங்கிவிடும்.

அதனால் துணி, மெத்தை, காகிதம் வைப்பவர்களுக்குப் புதியதையே சொல்வேன். கருவி, குழாய், டயர் என்றால் பழையதே தாராளம். மிச்சப் பணத்தில் காற்றுத் துளைகள் கூடுதலாகப் போடலாம். இரும்புப் பெட்டி எதுவானாலும் குளிர்ந்த இரவில் கூரையின் உட்பக்கம் வியர்க்கும்.

இன்னொன்று, நான்கு மூலைக்கும் கான்கிரீட் கட்டை ஒரே மட்டமாக வையுங்கள். மட்டம் தப்பினால் சட்டம் முறுக்கி, புதுக் கதவுகூடச் சிக்கும்.